முதலில் நோட்டு... அப்புறம்தான் கேமரா!



"அடுத்த மாதம் ஆண்டு விழா. ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் ஒரு குறும்படம் எடுத்து வரலாம். குழுவாகச் சேர்ந்து செய்யுங்கள்!"

உங்கள் வகுப்பில் டீச்சர் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? எனக்குத் தெரியும்! வகுப்பே கலகலவென்று ஆகிவிடும். முதல் கேள்வி, "யாருடா ஹீரோ?" இரண்டாவது கேள்வி, "யாரோட அப்பாகிட்ட நல்ல போன் இருக்கு?" மூன்றாவது கேள்வி, "எந்தப் பாட்டைப் போடலாம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் எல்லாரும் கூடிவிடுவீர்கள். பன்னிரண்டு மணி வரை, "நீ இங்க நில்லு... இல்ல, நான்தான் இங்க நிப்பேன்!" என்று வாக்குவாதம். ஒரு மணிக்குப் பசி. இரண்டு மணிக்கு ஹீரோவின் அம்மா, டியூஷனுக்கு நேரமாச்சு என்று அழைத்துப் போய்விடுவார். மூன்று மணிக்கு போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். நான்கு மணிக்கு, "எல்லாம் உன்னாலதான்!" என்று இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

சரி, கதை என்ன? அந்தக் கேள்வியை மட்டும் காலையிலிருந்து யாருமே கேட்கவில்லை!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் பாதி வேலை, கேமராவைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதை முடிக்க விலை உயர்ந்த போன் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர்... இவை போதும். இந்த மூன்றில் மிக முக்கியமானது ரப்பர்தான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சட்டையின் நிறம் மாறியது எப்படி?

சில மாதங்களுக்கு முன், ஒரு பள்ளியில் மாணவர்கள் எடுத்த குறும்படங்களைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். ஒரு படத்தில் ஒரு பையன் நீலச் சட்டையோடு வீட்டுக் கதவைத் திறந்தான். உள்ளே நுழைந்தபோது சட்டை சிவப்பாக இருந்தது! அரங்கமே சிரித்தது. பாவம், அது சோகக் காட்சி. வாசலை ஒரு ஞாயிறும், வீட்டின் உள்ளே அடுத்த ஞாயிறும் எடுத்திருக்கிறார்கள். முதல் நாள் என்ன சட்டை போட்டிருந்தான் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு படத்தில் ஒரு பெண் கண் கலங்கப் பேசினாள். நன்றாக நடித்தாள். ஆனால், ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. காற்றின் "விர்ர்ர்" சத்தமும், தெருவில் போன பஸ்ஸின் ஹாரனும்தான் கேட்டன.

இந்தப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லையா? நிறைய இருந்தது. திட்டம்தான் இல்லை. அன்று மூன்றாவதாக ஒரு படமும் பார்த்தேன். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதையும் பிறகு சொல்கிறேன்.

மாடு மேய்ந்த படப்பிடிப்பு!

சத்யஜித் ராய் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வங்காளத்தைச் சேர்ந்த உலகப் புகழ்பெற்ற இயக்குநர். அவர் முதன்முதலாக எடுத்த படம், 'பதேர் பாஞ்சாலி.' அபு என்ற சிறுவனும், துர்கா என்ற அவன் அக்காவும்தான் அதில் முக்கியமானவர்கள். 1952ல் படப்பிடிப்பைத் தொடங்கினார். அப்போது அவர் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை செய்துகொண்டிருந்தார். கேமராவைக் கையாண்ட சுப்ரதா மித்ராவுக்கும் இளம் வயதுதான். அதற்கு முன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை!

ஆனால், ராயிடம் ஒரு நோட்டு இருந்தது. படத்தின் காட்சிகளை வரிசையாக அதில் படமாக வரைந்து வைத்திருந்தார். படம் எடுக்கப் பண உதவி கேட்டுப் போன இடங்களில் அந்த ஓவியங்களைத்தான் காட்டினார்.

அப்படித் திட்டமிட்டவருக்கே என்ன நடந்தது தெரியுமா? அக்காவும் தம்பியும் நாணல் போன்ற வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியில் நடந்து போகும் காட்சியை ஒரு ஞாயிறு எடுத்தார். மீதியை அடுத்த வாரம் எடுக்கலாம் என்று போனால்... பூக்களைக் காணோம்! மாடுகள் மேய்ந்துவிட்டுப் போயிருந்தன! மீண்டும் பூ பூக்கும் பருவம் வரும் வரை காத்திருந்து, அடுத்த ஆண்டுதான் அந்தக் காட்சியை முடித்தார்.

கையில் பணம் இல்லாததால் படப்பிடிப்பு நடுவில் பல மாதங்கள் நின்று போனது. படம் 1955ல் வெளிவந்தது. இந்த இடைவெளியில் அபுவாக நடித்த சிறுவனின் குரல் உடையவில்லை, துர்காவாக நடித்த பெண் சட்டென்று வளர்ந்துவிடவில்லை, பாட்டியாக நடித்த வயதான அம்மா இறந்துவிடவில்லை. இந்த மூன்றையும் தன் அதிர்ஷ்டம் என்றே ராய் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

'அப்படியானால் திட்டம் போட்டும் பயனில்லையே' என்று கேட்கிறீர்களா? நன்றாக யோசியுங்கள். மாடு மேய்ந்த பிறகும் ராயின் படம் பிழைத்தது. எந்தக் காட்சி பாக்கி, அதில் என்னென்ன வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆகவே காத்திருக்க முடிந்தது. தெரியாமல் இருந்திருந்தால், இருந்ததை வைத்து ஒப்பேற்றியிருப்பார். நமக்கு 'பதேர் பாஞ்சாலி' கிடைத்திருக்காது!

உங்கள் ஹீரோ இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவே முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பான். அதுதான் உங்கள் மாடு! அதனால், 'படம் முடியும் வரை முடி வெட்டக் கூடாது' என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிக்கல் போதும்

குறும்படம் என்றதும் உலகத்தையே காப்பாற்றக் கிளம்பிவிடுகிறீர்கள். மரம் வளர்ப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, குடிப்பழக்கம், லஞ்சம்... நான்கும் ஒரே படத்தில்! கடைசியில் ஒரு சண்டைக்காட்சி வேறு!

இது வேண்டாமே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சின்னச் சிக்கல் தாராளமாகப் போதும்.

1895ல் பிரான்ஸ் நாட்டின் லூமியேர் சகோதரர்கள் ஒரு படம் எடுத்தார்கள். ஒரு தோட்டக்காரர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பின்னால் வந்த ஒரு பையன் குழாயை மிதித்துக்கொள்கிறான். தண்ணீர் நின்றுவிடுகிறது. என்ன ஆச்சு என்று அவர் குழாய்க்குள் எட்டிப் பார்க்கும்போது, பையன் காலை எடுத்துவிடுகிறான். சர்ர்ர்... முகமெல்லாம் தண்ணீர்! படம் ஒரு நிமிடம்கூட இல்லை. வசனமும் இல்லை. நூற்று முப்பது வருடம் ஆகியும் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

ஈரான் நாட்டு இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி, 1975ல் குழந்தைகளுக்காக ஒரு குறும்படம் எடுத்தார். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பையன், நண்பனிடம் இரவல் வாங்கிய நோட்டைக் கிழிந்த நிலையில் திருப்பித் தருகிறான். கோபம் வந்த நண்பன், பதிலுக்கு இவன் நோட்டைக் கிழிக்கிறான். இவன் அவன் பொருளை உடைக்கிறான், அவன் இவன் பொருளை உடைக்கிறான். கடைசியில் அடிதடி. பிறகு அதே கதை மறுபடியும் ஆரம்பிக்கிறது. இந்தத் தடவை, கிழித்தவனே நோட்டை ஒட்டித் தந்துவிடுகிறான். அவ்வளவுதான்! இரண்டு பையன்கள், ஒரு நோட்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

உங்கள் தெருவிலும் வகுப்பிலும் இப்படிக் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. ஓர் உதாரணம் பார்ப்போமா?

ஒரு சிறுமி தன் தோழியிடம் ஜாமெட்ரி பாக்ஸ் இரவல் வாங்கிப் போகிறாள். வீட்டில் அவள் தம்பி, காம்பஸை உடைத்துவிடுகிறான். நாளைக் காலை திருப்பித் தர வேண்டும். உண்மையைச் சொல்வதா? ஒன்றும் தெரியாதது போலக் கொடுத்துவிடுவதா? இதுதான் கதை. ஒரே ஒரு சிக்கல். பார்க்கிற எல்லாருக்கும் 'திக்திக்' என்று இருக்கும். ஏனென்றால், நாம் எல்லாருமே ஒருநாள் அந்த இடத்தில் நின்றிருக்கிறோம்.

கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்

கதையை முடிவு செய்தாயிற்றா? அதைக் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதுங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது சுமார் ஒரு நிமிடம் ஓடும் என்று சினிமாக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். எனவே, உங்களுக்கு ஐந்து பக்கம்.

எழுதும்போது ஒரு விதியை மறக்காதீர்கள். கண்ணால் பார்க்க முடிந்ததும், காதால் கேட்க முடிந்ததும் மட்டுமே திரையில் வரும். 'அவள் மிகவும் வருத்தப்பட்டாள்' என்று எழுதினால், அதை எப்படிப் படம் எடுப்பது? 'அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள். பையைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள்.' இதை எடுக்கலாம் அல்லவா? வருத்தம் தானாகத் தெரிந்துவிடும்.

முடிவிலும் கவனமாக இருங்கள். கடைசியில் ஒருவர் வந்து நின்று, "ஆகவே நண்பர்களே, பொய் சொல்லக் கூடாது!" என்று பேசுவது வேண்டாம். பார்ப்பவர்களுக்கும் மூளை இருக்கிறது! நமது கதையில் சிறுமி பாக்ஸைத் திறந்து, உடைந்த காம்பஸைத் தானே எடுத்துக் காட்டுகிறாள். தோழி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறாள். பிறகு, தன் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி நோட்டில் வைத்து, அதைச் சுற்றி வட்டம் வரைகிறாள். படம் முடிந்தது! ஒரு வார்த்தை பேசினார்களா? இல்லை. ஆனால் புரிகிறதா, இல்லையா?

கட்டம் போடுங்கள், கணக்குப் போடுங்கள்

இப்போது நோட்டில் கட்டங்கள் போடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு ஷாட். உள்ளே குச்சி மனிதர்களை வரைந்தால் போதும். முகம் மட்டுமா, முழு உருவமா, கை மட்டுமா என்பது தெரிய வேண்டும். கட்டத்தின் கீழே இடம், நேரம், உடை, தேவையான பொருள் ஆகியவற்றை எழுதுங்கள்.

அடுத்து ஒரு கணக்கு. முப்பது கட்டம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒத்திகை பார்த்து, இரண்டு தடவை எடுக்க, ஒரு ஷாட்டுக்குப் பத்து நிமிடம். மொத்தம் 300 நிமிடம். அதாவது 5 மணி நேரம். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணும் கன்னமும் கறுத்துத் தெரியும். ஆகவே காலை 7 மணி முதல் 9.30 வரை, இரண்டு நாட்கள். பார்த்தீர்களா? இப்போது எல்லாருடைய அம்மாவிடமும், "இந்த இரண்டு நாள், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை" என்று சொல்லி அனுமதி வாங்கலாம். டியூஷனும் கெடாது, திட்டும் விழாது.

கதை ஓடும் வரிசையில்தான் படம் எடுக்க வேண்டும் என்பதில்லை. நமது கதை வகுப்பறையில் தொடங்கி, வீட்டுக்குப் போய், தெரு வழியாக மறுபடி வகுப்பறைக்கு வருகிறது. வகுப்பறைக் காட்சிகள் இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். பெரிய படங்களையும் இப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால், முதல் காட்சியில் சிறுமி தலையில் பூ வைத்திருந்தால், கடைசிக் காட்சி அடுத்த நாள் நடப்பது என்பதால், அந்தப் பூ இருக்கக் கூடாது. இதையெல்லாம் கவனிக்க ஒருவர் நோட்டோடு நிற்க வேண்டும். நீலச் சட்டை சிவப்பாக மாறாமல் காப்பாற்றுபவர் அவர்தான்!

இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியா? அவர்கள் இருவருக்கும் நடுவே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில்தான் இருக்க வேண்டும். தாண்டிப் போனால், இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போலத் திரையில் தெரியும்.

போனைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். 'ஏரோபிளேன் மோடு' போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், உருக்கமான காட்சியில் பெரியப்பா அழைப்பார்! சூரியன் நடிப்பவரின் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகிவிடும்.

வசனம் கேட்க வேண்டுமா? இன்னொரு போனை நடிப்பவருக்குப் பக்கத்தில், கேமராவில் தெரியாதபடி வைத்துக் குரலைப் பதிவு செய்யுங்கள். ஷாட் தொடங்கும்போது கேமரா முன்னால் ஒருமுறை பளிச்சென்று கை தட்டுங்கள். கை சேரும் படத்தையும், 'டப்' என்ற ஓசையையும் பொருத்திவிட்டால், மீதிக் குரல் தானாகப் பொருந்திவிடும். சினிமாவில் 'கிளாப்' அடிக்கிறார்களே, அது அழகுக்காக இல்லை, இதற்காகத்தான்!

போன் யாருடையதோ, அவரே இயக்குநரா?

வேலைகளைப் பிரிப்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. போன் கொண்டு வந்தவர்தான் கேமரா பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நன்றாகப் படிப்பவர்தான் இயக்குநர் என்பதும் இல்லை. பையன்கள் கேமரா, பெண்கள் அலங்காரம் என்று பிரிப்பது அதைவிட மோசம்! யாருக்கு எதில் ஆசை என்று கேளுங்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒருவர், கட்டம் வரைவதில் புலியாக இருக்கலாம்.

இயக்குநர் என்றால் அதட்டுகிறவர் என்று நினைக்காதீர்கள். எல்லார் சொல்வதையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு முடிவு எடுக்கிறவர்தான் இயக்குநர். முடிவு தவறாகப் போனால், "என் தப்பு" என்று சொல்வதும் அவர் வேலைதான். தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டு வந்து கவனித்துக்கொள்பவரின் பெயரும் படத்தின் முடிவில் வர வேண்டும். வருமா?

இடத்துக்குச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கடைக்காரத் தாத்தாவைப் படம் எடுப்பதாக இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். தெரியாமல் எடுப்பது திருட்டு மாதிரிதான். கிணற்றடி, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, வண்டிகள் போகும் சாலை... இங்கெல்லாம் படப்பிடிப்பு வேண்டவே வேண்டாம். ரயில் பாதையில் இறங்குவது ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட. எந்தப் படமும் ஒரு உயிரைவிடப் பெரியது இல்லை. பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

அந்த மூன்றாவது படம்

இப்போது அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

குடிகார அப்பாவைப் பற்றிய கதை. அப்பா தள்ளாடி வருகிறார், மகன் அழுகிறான். மகனாக நடித்த பையன் மிக நன்றாக நடித்திருந்தான். அரங்கில் கைதட்டல். நானும் தட்டினேன். படம் முடிந்ததும் அவனைப் பாராட்டலாம் என்று தேடினேன். அவன் கூட்டத்தில் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"ஏம்பா இங்க உட்கார்ந்திருக்கே? பிரமாதமா நடிச்சியே!" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நடிக்கலை சார். எங்க அப்பா அப்படித்தான். அது எல்லாருக்கும் தெரியும். அதான், 'நீயே பண்ணு, உனக்கு ஈஸியா வரும்'னு சொன்னாங்க."

"நீ முடியாதுன்னு சொல்லலையா?"

"எல்லாரும் சரின்னு சொல்லிட்டாங்க சார். நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் நண்பர்கள் கெட்டவர்கள் இல்லை. அவனைக் காயப்படுத்த வேண்டும் என்று அவர்கள் நினைக்கவும் இல்லை. நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். கேமரா ஓடத் தொடங்கிய பிறகு நினைப்பதற்கு ஏது நேரம்? பெரியவர்களான நாங்களும் கேட்கவில்லையே! கதையை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தானே?

அன்றிலிருந்துதான் ரப்பரைப் பற்றி நான் அடிக்கடி சொல்ல ஆரம்பித்தேன். கதை நோட்டில் இருக்கும்வரை, எதை வேண்டுமானாலும் அழித்துவிட்டு மாற்றி எழுதலாம். ஒரு பைசா செலவு இல்லை. ஒருவர் மனமும் புண்படாது. ஆனால், படம் எடுத்து, பள்ளி முழுக்கப் பார்த்த பிறகு, அதை எந்த ரப்பராலும் அழிக்க முடியாது.

ஆகவே நோட்டில் கதை எழுதி முடித்ததும், குழுவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: "இதில் உனக்குச் சங்கடமாக ஏதாவது இருக்கா?" கூட்டத்தில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள். ஒருவர், "ஆமாம்" என்று சொன்னால், காரணத்தைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். கதையை மாற்றுங்கள். 'மாற்றினால் படம் நன்றாக இருக்காதே' என்று தோன்றினால், வேறு கதை தேடுங்கள். கதைகளுக்கா பஞ்சம்?

ஒருவருடைய நிறம், திக்குவாய், உடல் பருமன், வீட்டு வறுமை... இவற்றைச் சிரிப்புக் காட்சியாக வைப்பதும் இதே தவறுதான். அரங்கில் நூறு பேர் சிரிக்கலாம். அழும் ஒருவர் உங்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

ஜாலி போய்விடாதா?

"சார், இவ்வளவு எழுதிட்டு எடுத்தா ஜாலியே இருக்காதே!" என்று ஒரு சுட்டிப் பெண் என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கபடிக்குக் கோடு போடுகிறோமே, அதனால் ஆட்டத்தில் ஜாலி குறைகிறதா? கோடு இல்லாவிட்டால் யார் அவுட் என்று சண்டைதான் மிஞ்சும். திட்டமும் அப்படித்தான். அடுத்து என்ன செய்வது என்ற குழப்பம் இல்லாதபோது, சிரிக்கவும் விளையாடவும் நேரம் கிடைக்கும்.

திட்டத்தை விட்டு அங்கே இங்கே அசையவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. காட்சி நடுவில் ஒரு நாய்க்குட்டி ஓடி வந்து சிறுமியின் பையை முகர்ந்து பார்க்கிறதா? விரட்டாதீர்கள்! அதையும் எடுங்கள். நோட்டில் இல்லாத அழகு தானாக வந்தால் வரவேற்க வேண்டியதுதான். ஆனால், நோட்டே இல்லாதவருக்கு, வந்தது அழகா, இடைஞ்சலா என்றே தெரியாது.

அப்பா, அம்மா, ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் படத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள். எடிட் செய்தும் தராதீர்கள். கொஞ்சம் ஆடினாலும், அது அவர்களுடைய படமாக இருக்கட்டும். ஆனால், நோட்டை மட்டும் ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள். பரிசு வாங்குவதற்காக இல்லை. எந்தப் பிள்ளையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்காராமல் இருப்பதற்காக.

என்ன, தம்பி தங்கைகளே! இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குகிறீர்களா? முதல் பக்கத்தில் கதையை மூன்றே வரியில் எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தில் குழுவில் உள்ள எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், 'கேட்டாயிற்று' என்று நீங்கள் டிக் அடித்த பிறகு, போனைக் கையில் எடுங்கள்.

ஐந்து நிமிடப் படம் முடிந்து விளக்கு எரியும்போது, உங்கள் குழுவில் அத்தனை பேரும் ஒன்றாக நின்று சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். பரிசு கிடைத்தால், அது உபரி சந்தோஷம்!